கார் ஓட்டிய பையன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் மகனோடு உட்கார்ந்து 'ரோடு டு பெர்டிஷன்' பார்த்தேன். எனக்கு இது நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, அவனுக்கு முதல் முறை. அவனுக்குப் பன்னிரண்டு வயசு. படத்தில் வரும் மைக்கேலுக்கும் அதே வயசுதான். துப்பாக்கி, ரத்தம் எல்லாம் இருக்கிற படத்தை இந்த வயதில் காட்டலாமா என்று மனைவி கேட்டாள். எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் ஓர் அப்பாவும் பையனும் ஆறு வாரம் காரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் கதையை அவனோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் அழவும் இல்லை, நல்லா இருந்தது என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அவங்க அப்பா பேங்க்ல கொள்ளையடிச்சப்போ வெளியில வண்டிய வச்சுக்கிட்டு நின்னது அந்தப் பையன்தானே? அப்ப அவன் மேல தப்பே இல்லையா?" என்று கேட்டான்.

அவன் அப்பா சொன்னதைச் செய்தான், சின்னப் பையன், அவனுக்கு வேற வழி இல்லை என்று ஏதோ சொல்லிப் படுக்கவைத்துவிட்டேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட்டது படத்தைப் பற்றித்தான். ஆனால் அது வேறு ஒரு ராத்திரியில், வேறு ஒரு சாலையோரத்தில் போய் நின்றது. அன்றிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படம் 2002-ல் வந்தது. சாம் மெண்டிஸ் இயக்கியது. 1998-ல் மாக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுதி, ரிச்சர்ட் பியர்ஸ் ரேனர் வரைந்த சித்திர நாவல்தான் மூலம். சின்னப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலையும் சாமுராயின் கதையான ஜப்பானிய 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' காமிக்ஸிலிருந்து அந்த நாவலுக்குப் பொறி கிடைத்தது. 1931-ன் குளிர்காலம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான ராக் ஐலண்ட். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அந்த ஊரையே கையில் வைத்திருக்கும் ஐரிஷ் தாதா ஜான் ரூனி. அவரிடம் பிள்ளைபோல வளர்ந்த அடியாள் மைக்கேல் சல்லிவன். ரூனியின் சொந்த மகன் கானர். சல்லிவனுக்கு இரண்டு பையன்கள். மூத்தவனுக்கும் மைக்கேல் என்றே பெயர், இளையவன் பீட்டர். மூத்தவன் ஒரு ராத்திரி அப்பாவின் காரில் ஒளிந்துகொண்டு போய், பார்க்கக்கூடாத ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான். சாட்சியை ஒழிக்கக் கானர் வீட்டுக்கு வருகிறான். மனைவியும் பீட்டரும் சாகிறார்கள். அப்பாவும் மூத்தவனும் ஓடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

2003-ல் கல்லூரி விடுதியில் இதை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் கும்பலுக்குப் பெரிய ஏமாற்றம். சல்லிவனாக வரும் டாம் ஹாங்க்ஸ் கையில் டாமி கன், அதாவது இயந்திரத் துப்பாக்கி, என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்தோம். பனி கொட்டுகிறது, மழை பெய்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. பாதியிலேயே மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் எழவில்லை. அப்போது ஏன் என்று கேட்டிருந்தால் ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அதுவும் பொய் இல்லை. கான்ராட் ஹால் என்ற கிழவர் எடுத்த கடைசிப் படம் அது. 2003 ஜனவரியில் அவர் இறந்துபோனார். மார்ச்சில் அவருக்கு ஆஸ்கர் அறிவித்தபோது மேடையேறி வாங்கிக்கொண்டது அவருடைய மகன். அப்பனும் மகனும் பற்றிய படத்துக்கு அப்படி ஒரு முடிவு அமைந்தது.

ஆனால் நான் எழுந்து போகாததற்குக் காரணம் ஒளிப்பதிவு இல்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு காட்சி வரும். சாப்பிட வரச்சொல்லி அப்பாவைக் கூப்பிடுவதற்காகப் பையன் மாடிக்குப் போகிறான். நீளமான நடைக்கூடம், கடைசியில் பாதி திறந்த கதவு. உள்ளே அப்பா கோட்டைக் கழற்றுகிறார், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படுக்கைமேல் வைக்கிறார். சில்லறை, சாவி, அப்புறம் துப்பாக்கி. பையன் கதவருகே போகவில்லை, தூரத்திலிருந்தே பார்க்கிறான். சாப்பாடு ரெடி என்று சொல்லிவிட்டு நிற்கிறான். அப்பா எடுத்த பொருள்களில் எதைப் பார்த்தான், எதைப் பார்க்கவில்லை என்று அப்பாவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த நடைக்கூடத்தின் நீளம் தெரியும்.

பைனான்ஸ் வேலை

எங்கள் வீட்டில் அப்பா "பைனான்ஸ்ல இருக்காரு" என்பார்கள். சங்ககிரிப் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. லாரி எங்கே இருக்கிறதோ அங்கே பைனான்ஸ் இருக்கும். ஆனால் பைனான்ஸில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து டியூ வாங்குகிறவர் வேறு, டியூ வராத வண்டியைத் தேடிப் போகிறவர் வேறு. அப்பா இரண்டாவது ரகம் என்பது பதினொரு வயதுவரை எனக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிப் போவார், விடிந்து வருவார், பகலெல்லாம் தூங்குவார். அந்த வேலைக்கு 'சீசிங்' என்று பெயர் என்பதும், வண்டி 'தூக்குவது' என்பதும் பிற்பாடு ஸ்கூலில் ஒரு பையன் சொல்லித்தான் தெரிந்தது.

1993, முழுப்பரீட்சை லீவு. ஆத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தாள். அன்று ராத்திரி அப்பாவுக்குத் திடீரென்று ஆள் வந்தது. என்னைத் தனியாக விட்டுப்போக மனசில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். ஒரு அம்பாசிடர், அதில் அப்பாவோடு இன்னும் மூன்று பேர். நான் முன் சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவோடு காரில் போகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பவானி போகும் வழியில், என்எச் 47 ஓரத்தில் ஒரு டீக்கடையைத் தாண்டி விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியைத்தான் பிடிப்பார்கள். சரக்கு இருந்தால் சரக்குக்காரனும் சண்டைக்கு வருவான்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டி வந்து டீக்கடையில் நின்றது. சொந்த வண்டியைத் தானே ஓட்டும் ஆள். கிளீனருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தன் பையனையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையன் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த பலகையில் படுத்திருந்தான். அப்பா இறங்கும்போது அதைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் திரும்பிக் காரின் ஜன்னல் வழியாக என்னிடம் பத்து ரூபாயைக் கொடுத்தார். "கண்ணு, நீ போய் அந்தப் பையனை எழுப்பிக் கூட்டிட்டுப் போயி ஏதாச்சும் வாங்கிக் குடு. நீயும் சாப்பிடு" என்றார்.

போனேன். ஏணிப்படியில் ஏறி, "ஏய், வா டீ குடிக்கலாம்" என்று எழுப்பினேன். என் வயசுப் பையன் கூப்பிட்டதால் அவனும் யோசிக்காமல் இறங்கி வந்தான். அவனுக்கு ஒரு பன்னும் எனக்கு ஒரு வர்க்கியும் வாங்கினேன். நாங்கள் கடை வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தபோதே அந்தப் பக்கம் சத்தம் வந்தது. பெரிய அடிதடி எல்லாம் இல்லை. ஒரே ஒரு தள்ளுதான். அவர் கையிலிருந்த டீ கிளாஸ் விழுந்தது. அப்புறம் அவர் அப்பாவைக் கும்பிட்டார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்க சாமானை எடுத்துக்குங்க" என்றார். பம்ப் ஸ்டவ், அலுமினியக் குண்டான், தலையணை, சுருட்டிய தார்ப்பாய், கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த முருகன் படம். எல்லாம் ஒவ்வொன்றாக ரோட்டுக்கு வந்தன. அப்பாவோடு வந்த ஒருவர் ஏறி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அந்தப் பையன் பன்னோடு நின்று, சிவப்பு விளக்கு மறைகிறவரை பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது மீதிச் சில்லறையை அப்பாவிடம் நீட்டினேன். "நீயே வச்சுக்க" என்றார். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம் கண்ணு" என்றார். நான் இதுவரை சொல்லவில்லை.

படத்தில் அந்தக் கொலையைப் பார்த்த மறுநாள், கிழவர் ரூனி பையனைப் பார்க்க வந்து அவன் கையில் ஒரு வெள்ளி டாலரை வைப்பார். சூதாட்டத்தில் அவனிடம் தோற்றதற்கான காசு என்பது கணக்கு. ரூனியாக நடித்த பால் நியூமன் அதைக் கொடுக்கும்போது முகத்தில் அவ்வளவு பாசம் இருக்கும். அந்தப் பாசமும் உண்மை, அந்தக் காசு எதற்கு என்பதும் உண்மை. 2003-ல் விடுதியில் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டவுசர் பையில் கிடந்த சில்லறையின் கனம் நினைவுக்கு வந்தது.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்

இப்போது என் மகனின் கேள்விக்கு வருகிறேன். ஓட ஆரம்பித்த பிறகு சல்லிவன் முதலில் சிகாகோவுக்குத்தான் போகிறார், அந்த ஊரின் பெரிய தாதா அல் கபோனின் ஆளான ஃபிராங்க் நிட்டியிடம் உதவி கேட்டு. (கபோனே வரும் காட்சி ஒன்றை எடுத்துவிட்டுப் பின்னர் வெட்டிவிட்டார்கள். கண்ணில் படாமல் இருப்பதால்தான் அந்தப் பெயருக்கு அவ்வளவு கனம். நல்ல முடிவு.) நிட்டி கைவிரித்துவிடுகிறார். கானரை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அப்போது சல்லிவன் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். கபோனின் கறுப்புப் பணம் எந்தெந்த பேங்குகளில் இருக்கிறதோ, அங்கே போய் அதை மட்டும் எடுப்பது. கணக்கில் வராத பணம், யாரும் போலீசுக்குப் போக முடியாது. அதற்கு வாசலில் வண்டியோடு ஒரு ஆள் வேண்டும். அவரிடம் இருப்பது பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன்தான்.

அந்த ஓட்டப் பயிற்சிக் காட்சி படத்திலேயே மிகவும் லேசான இடம். ஆளே இல்லாத வயல்வெளிச் சாலை, கியர் மாற்றும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி நிற்கிறது. பையனின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வருகிறது. அடுத்து ஊர் ஊராகக் கொள்ளை. பையன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், அப்பா பையோடு ஏறுகிறார், போகிறார்கள். இடையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பையன் தன் பங்கு எவ்வளவு என்று கேட்கிறான். எவ்வளவு வேண்டும் என்கிறார் அப்பா. அவன் யோசித்து இருநூறு டாலர் என்கிறான். சரி என்று உடனே ஒத்துக்கொள்கிறார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் அதிகமாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்கிறான் பையன். அது உனக்குத் தெரியப்போவதே இல்லை என்கிறார் அப்பா. என் மகன் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன்.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. அப்பாவும் பையனும் நெருங்குகிற அத்தனை இடங்களும் அப்பாவின் தொழிலுக்கு உள்ளேதான் நடக்கின்றன. வீட்டில், சாப்பாட்டு மேஜையில், சர்ச்சில் அவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. கொள்ளையடிக்கும்போதுதான் பேச்சு வருகிறது, சிரிப்பு வருகிறது, கூட்டாளிகள் ஆகிறார்கள். இவன் என்னைப்போல ஆகிவிடக்கூடாது என்று உயிரையே விடப்போகிற மனிதர், அவனை ஆறு வாரம் தன் தொழிலின் வாசலில் நிறுத்தித்தான் காப்பாற்றுகிறார். படம் இதைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசியில் பையனின் குரலில், அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவே இல்லை என்று சொல்லவைத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. துப்பாக்கியைத் தொடவில்லை, சரி. ஸ்டீயரிங்? என் மகன் கேட்டது அதைத்தான். சுடுவது மட்டும்தான் பாவம் என்று பெரியவர்கள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் அந்தக் கோட்டை நம்புவதில்லை.

நானும் நம்பவில்லை. அன்று ராத்திரி நான் யாரையும் தள்ளவில்லை, வண்டியையும் எடுக்கவில்லை. பன் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பையன் உள்ளே படுத்திருக்கும்வரை அந்த வண்டியைத் தூக்கியிருக்க முடியாது. அவனை இறக்கியது நான். அப்பா அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். ஒரு பையன் தன் அப்பாவைத் தள்ளுவதைப் பார்க்க வேண்டாம் என்ற இரக்கமா? இல்லை, முரட்டு ஆள் ஒருவன் போய் எழுப்பினால் அழுது கூட்டம் கூட்டிவிடுவான், என் பிள்ளை போனால் சத்தமில்லாமல் இறங்கி வருவான் என்ற தொழில் புத்தியா? இரண்டும் ஒரே நேரத்தில் இருந்திருக்கலாம். படத்தில் சல்லிவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பையனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவனுக்காகவும்தான், தனக்காகவும்தான்.

பண்ணை வீட்டு மேஜை

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மழைக் காட்சியைத்தான் சொல்வார்கள். ராத்திரி, கொட்டும் மழை, குடையோடு வரும் ரூனியின் ஆட்கள் ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லை. இருட்டிலிருந்து வரும் வெளிச்சத் தெறிப்பும் தாமஸ் நியூமனின் இசையும் மட்டும்தான். கிழவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்கிறார். யார் சுடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். திரும்பி, நீயாக இருந்ததில் சந்தோஷம் என்கிறார். கடைசியில் சல்லிவன் அவரைச் சுடும் வேட்டுச் சத்தம் மட்டும் நமக்குக் கேட்கும். பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. பிணங்களைப் படமெடுக்கும் கொலைகாரனாக ஜூட் லா வரும் காட்சிகளையும் நிறையப் பேர் சொல்வார்கள். சித்திர நாவலில் இல்லாமல் படத்துக்காகச் சேர்த்த பாத்திரம் அது. எனக்கு அவன் கொஞ்சம் அதிகப்படியாகவே தெரிகிறான். இந்தக் கதைக்கு வெளியிலிருந்து ஒரு பூச்சாண்டி தேவையில்லை.

எனக்கு அந்தப் படம் என்றால் ஒரு மேஜைதான். குண்டடி பட்ட சல்லிவனைப் பையன் வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு வருகிறான். பிள்ளை இல்லாத ஒரு வயதான தம்பதி தங்கள் பண்ணை வீட்டில் இடம் கொடுக்கிறார்கள். காயம் ஆறுகிறது. இவன் உங்கள் மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறான், உங்களுக்குத் தெரியவே இல்லையா என்கிற மாதிரி அந்தக் கிழவி ஒருநாள் சொல்கிறாள். சல்லிவன் பதில் சொல்லவில்லை. ஒரு ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு அவர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். பையன் கெட்ட கனவு கண்டு எழுந்து வருகிறான். வா உட்கார் என்கிறார். பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்கிறார். பெற்ற அப்பா, பன்னிரண்டு வருஷம் கழித்து முதல்முறையாகக் கேட்கும் கேள்வி அது. பைபிள் கதைகள் பிடிக்கும் என்கிறான். கணக்குப் பிடிக்காது என்பதில் இருவரும் ஒன்றாகிறார்கள்.

அப்புறம் பையன் கேட்டுவிடுகிறான், பீட்டரைத்தான் உங்களுக்கு அதிகம் பிடிக்குமா என்று. இல்லை, இரண்டு பேரும் எனக்கு ஒன்றுதான் என்கிறார் அப்பா, எல்லா அப்பாக்களும் சொல்வதுபோல. பையன் விடவில்லை. என்னிடம் மட்டும் நீங்கள் வேறு மாதிரி இருந்தீர்களே என்கிறான். அவர் திகைக்கிறார். அப்படியா இருந்தேன், தெரிந்து செய்யவில்லை என்கிறார். பிறகு மெதுவாகத் தேடித் தேடிச் சொல்கிறார்: பீட்டர் ரொம்ப இனிமையான பிள்ளை. நீ என்னை மாதிரி இருந்தாய். நீ அப்படி இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பையன் சரி என்கிறான். தூங்கப் போகிறேன் என்று எழுந்தவன் வந்து அப்பாவைக் கட்டிக்கொள்கிறான். டாம் ஹாங்க்ஸின் கைகளுக்கு என்ன செய்வதென்று ஒரு கணம் தெரியாது. அவ்வளவு பேரைச் சுட்ட கைகள், பையன் முதுகில் எங்கே படுவது என்று தெரியாமல் நிற்கும்.

இந்தக் காட்சியை முதல் முறை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படியெல்லாம் எந்த அப்பா சொல்வார் என்று. அந்த ராத்திரிக்குப் பிறகு என் அப்பா என்னை நேருக்கு நேர் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார். தம்பியை டிவிஎஸ் 50-ல் முன்னால் நிற்கவைத்துச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். என்னிடம் மார்க் ஷீட்டை மட்டும் கேட்பார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டபோதெல்லாம், "ஸ்டீயரிங் பக்கமே வரக்கூடாது நீ" என்று கத்தினார். நான் அதைப் பாரபட்சம் என்று எடுத்துக்கொண்டேன். தம்பியைத்தான் பிடிக்கும், என்னைப் பிடிக்காது. பதினைந்து வருஷம் அந்தக் கணக்கிலேயே அவரோடு பேசாமல் இருந்தேன். விடுதியில் அந்த மேஜைக் காட்சியைப் பார்த்த இரவில்தான், வேறு ஒரு கணக்கும் இருக்கக்கூடும் என்று முதன்முதலில் தோன்றியது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். பார்த்தது மட்டும் இல்லை, அந்த வேலையை நான் சுத்தமாகச் செய்தேன். அந்தப் பையனை அழாமல் கூட்டிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்து அவர் பயந்திருப்பார்.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபத்தெட்டு வயதில், வேலைக்குப் போன பிறகு, நானாகவே பணம் கட்டி டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு பழைய கார் வாங்கினேன். ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் அவரை உட்காரச் சொன்னேன். பவானிவரை போய் வந்தோம். அந்த டீக்கடை இருந்த இடத்தில் நாலுவழிச் சாலை வந்துவிட்டது, எது அந்த இடம் என்றே தெரியவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்து இறங்கும்போது, "கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டாத" என்றார். எனக்கு அவர் கொடுத்த ஓட்டப் பயிற்சி அந்த ஒரு வரிதான். 2016-ல் போய்விட்டார்.

யார் தப்பித்தது

ராக் ஐலண்டில் ஜான் ரூனிக்கு அசலாக ஒருவர் இருந்தார். ஜான் லூனி என்று பெயர். படத்துக்காக ஒரு எழுத்தை மாற்றினார்கள். அவருக்கும் கானர் என்று ஒரு மகன். 1922 அக்டோபரில் அப்பாவும் மகனும் சேர்ந்து இருந்தபோது எதிராளிகள் சுட்டார்கள். மகன் இறந்தான், அப்பா தப்பித்தார். பிறகு ஊரைவிட்டே ஓடிப்போய், நியூ மெக்ஸிகோவில் பிடிபட்டார். நிஜத்தில் ஓடியது அப்பா மட்டும்தான். பிள்ளையைத் தன் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் தப்பித்தார், வந்த பிள்ளை செத்தான். படத்தில் ரூனி தன் மகனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பால் நியூமனின் கண்ணில் ஒரு சலிப்பும் ஒரு குற்றவுணர்வும் வரும். அவன் கெட்டுப்போனதற்குத் தான்தான் காரணம் என்று அவருக்குத் தெரியும், அதனாலேயே அவனைக் கைவிட முடியாது. நியூமன் தன் சொந்த மகன் ஸ்காட்டை 1978-ல் போதைப்பொருளுக்குப் பறிகொடுத்தவர். அதை நினைத்துக்கொண்டு நடித்தாரா என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் சர்ச்சின் நிலவறையில், நம்மில் யாருக்கும் சொர்க்கம் கிடையாது என்று அவர் சொல்லும்போது, மைக்கேலுக்குக் கிடைக்கலாமே என்று சல்லிவன் பதில் சொல்வாரே, அப்போது கிழவர் முகத்தில் வருவது எனக்குப் பொறாமையாகவே தெரிகிறது. இவன் பிள்ளைக்கு இன்னும் வழி இருக்கிறது, என் பிள்ளைக்கு இல்லை.

கடைசிக் காட்சி மிச்சிகன் ஏரிக்கரையில். பெர்டிஷன் என்பது அங்கே இருக்கும் சித்தியின் ஊர்ப் பெயர். அந்தச் சொல்லுக்கு மீளாக் கேடு, நரகம் என்றும் பொருள். வெள்ளை வீடு, மணலில் பையன் நாயோடு ஓடுகிறான். ஜன்னலிலிருந்து அப்பா பார்க்கிறார். பின்னாலிருந்து சுடுகிறான் அந்தப் புகைப்படக்காரன். பையன் உள்ளே வந்து துப்பாக்கியை நீட்டுகிறான், விசையை அழுத்த முடியவில்லை. சாகிற அப்பாதான் கடைசி பலத்தில் சுடுகிறார். என்னால் முடியவில்லை என்று பையன் அழும்போது, தெரியும் என்கிறார். அவர் முகத்தில் நிம்மதி.

நானும் பல வருஷம் அந்த இடத்தில்தான் பையன் தப்பித்தான் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவன் சுட்டிருந்தாலும் எனக்கு அவன் மேல் மரியாதை குறைந்திருக்காது. அவன் தப்பித்தது மேஜையில். அப்பா வாயைத் திறந்து, நீ என்னை மாதிரி இருந்தாய், அதுதான் எனக்குப் பயம் என்று சொன்னபோது. அதைக் கேட்டுவிட்ட பையனால் அதற்குப் பிறகு அப்பாவின் பாதையைத் தெரியாமல் மிதிக்க முடியாது. ஓட்டிய வண்டியும் வாங்கிய பங்கும் அவனோடுதான் இருக்கும், அவற்றை யாரும் கழுவிவிட முடியாது. ஆனால் அவை என்ன என்று அவனுக்குத் தெரியும், யாரால் வந்தவை என்பதும் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்து போகும்போது, 1993-ல் நடந்ததை அவனிடம் சொன்னேன். அவனுக்குத் தாத்தா என்றால் கன்னத்தில் முள் தாடி குத்தும் மனிதர், பாக்கெட்டில் தேன்மிட்டாய் வைத்திருப்பவர். அந்தத் தாத்தாதான் என்று சொல்ல முதலில் நாக்கு எழவில்லை. சொன்னேன். பத்து ரூபாயைச் சொன்னேன், ஏணிப்படியைச் சொன்னேன், முருகன் படத்தைச் சொன்னேன். நேற்று நீ கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது, ஆனால் அந்தப் பையன் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்றேன். அவன் குறுக்கே பேசாமல் நடந்து வந்தான். முக்குத் திரும்பியதும் கேட்டான்.

"அந்த லாரிப் பையன் பன்னைச் சாப்பிட்டானாப்பா?"

பாதியைச் சாப்பிட்டிருந்தான். மீதியைப் பிட்டு டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு, அவன் அப்பா நின்ற பக்கம் போனான்.